பன்னீர் ஊற்றிய மதலேனம்மாள்

மருத்துவச்சி மதலேனம்மாள் பேறு பார்க்க வந்திருந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். வலியில் துடிக்கிற பெண் போடும் சத்தத்தைவிட அவர் போடும் சத்தம் பெரிது. “முக்குடி! புருசன திட்டணும்னா நல்லா திட்டு, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா முக்கிக்கிட்டே திட்டு!” என்பார். பிள்ளை வெளியே வந்து வீறிட்டதும் அதைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “வந்துட்டியா ராசா? படி அரிசி என்ன வெல விக்குதுன்னு கேக்காமலே வந்துட்டியே!” என்று சிரிப்பார். அவர் சிரித்தால் மேல்வரிசையில் இல்லாமல் போன இரண்டு பல்லும் தெரியும். கூடத்தில் கவலையோடு நடந்துகொண்டிருக்கும் ஆண்களுக்கு அந்தச் சிரிப்புதான் தந்தி.

புதுச்சேரியில் வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் தெருக்களில் முப்பது வருஷமாக அவர் கையில் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று மேரி என்கிற நகரசபை அலுவலகத்தில் பிறப்புப் பதிவு எழுதும் குமாஸ்தாவுக்கு ஒருவேளை தெரிந்திருக்கலாம். அந்தக் குமாஸ்தாவே அவர் கையில் பிறந்தவர்தான். நானும் அப்படித்தான். “பாதி ஊரு என் கையில வழுக்கிக்கிட்டு வந்ததுதான்” என்பார் மதலேனம்மாள்.

அந்தப் பாதி ஊர் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய்ப் பெஞ்சில் உட்காரும். மதலேனம்மாள் மரத்தடுப்புக்குப் பின்னால், தம் தெரு ஜனங்களோடு தரையில் உட்காருவார். பிள்ளையை முதன்முதலில் தொட்ட கை, அந்தப் பிள்ளை உட்காரும் பெஞ்சைத் தொடக்கூடாது! சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று அரசாங்கக் காகிதம் ஒவ்வொன்றிலும் அச்சடிக்கும் ஊர் இது. கோவிலிலும் “பிரியமான சகோதரரே” என்றுதான் பிரசங்கம் தொடங்கும். தடுப்புக்கு எந்தப் பக்கத்துச் சகோதரர் என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்டேன். கேட்டதற்குப் பதில் வராததால் கோவிலுக்குப் போவதையே விட்டுவிட்டேன். மதலேனம்மாளிடம் ஒரு முறை, “அங்கே தரையில் உட்கார உங்களுக்குக் கோபம் வரவில்லையா?” என்றேன். “வருது ஐயா. அதுக்காக பெஞ்சுல உக்காந்திருக்கவங்களுக்கு என் சாமியையும் விட்டுக் குடுத்துட்டு வரச் சொல்றீங்களா?” என்றார். ‘ஐயா’ வேண்டாம் என்று பல தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் “சரிங்க ஐயா” என்பார்.

இப்படிப்பட்டவர், 1934ஆம் வருஷம், ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலத்தில் திடீரென்று வாயடைத்துப் போனார். பேறு பார்க்கக் கூப்பிட்டால் வருவதில்லை. கோவிலுக்குப் போவார்; எல்லாரும் பீடத்தில் நன்மை என்கிற நற்கருணை அப்பம் வாங்க எழுந்து போகும்போது அவர் மட்டும் முந்தானையை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டு தரையிலேயே இருப்பார். உடம்பு சரியில்லை என்று சிலர் சொன்னார்கள். யாரோ சூனியம் வைத்துவிட்டதாக வேறு சிலர் சொன்னார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்கள்தாம் இதையும் சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில் என் தங்கை அமலோற்பவம் நிறைமாதம். அவள் வாழ்க்கைப்பட்ட வீடு பெரிய வீடு. மாமனார் சவரிராயர் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோவிலில் முதல் பெஞ்சில் முதல் இடம் அவருடையது. தங்கையின் முதல் பிள்ளை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பிறந்த சில நிமிஷங்களிலேயே செத்துப்போனது. பிறகு பிறந்த இரண்டும் சுகம். மூன்றுக்கும் மதலேனம்மாள்தான் வந்தார். நான்காவதற்கு ஆள் அனுப்பியபோது, “வேற யாரையாவது பாத்துக்கச் சொல்லு” என்று பதில் வந்தது. தங்கை அழுதுவிட்டாள். நான் கிளம்பினேன்.

மதலேனம்மாள் வீட்டு வாசலில் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். நான் போகமாட்டேன் என்று தெரிந்ததும் சொன்னார்.

விஷயம் இதுதான். பிறந்த பிள்ளை பிழைக்காது என்று தெரிந்தால் சாமியார் வரும்வரை காத்திருக்க முடியாது. பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் தலையில் தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்துவின் பெயரால் ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம். இதைக் கோவிலில் மருத்துவச்சிகளுக்குச் சொல்லிக்கொடுத்தே வைத்திருப்பார்கள். என் தங்கையின் முதல் பிள்ளை நீலம் பாரித்துப் பிறந்தது. மதலேனம்மாள் தண்ணீர் கேட்டார். அறையின் மூலையில் பானை நிறையத் தண்ணீர் இருந்தது. அதில் கையை விடப் போனபோது வெளியிலிருந்து சவரிராயரின் குரல் வந்தது: “அவ கை அந்தப் பானைல படக்கூடாது! கொல்லைக் கிணத்துலேருந்து தனியா மொண்டுக்கிட்டு வரச் சொல்லுங்க!” கிணற்றுக்குப் போன வேலைக்காரி வந்தபாடில்லை. பிள்ளையின் மூச்சு நின்று நின்று வந்தது. பிறப்பைக் கொண்டாட வரும் விருந்தாளிகளுக்காகத் தட்டில் வைத்திருந்த பன்னீர்ச் செம்புதான் கைக்கு எட்டியது. அதை எடுத்துத் தலையில் ஊற்றி, வார்த்தையைச் சொன்னார். பிள்ளை அவர் மடியிலேயே அடங்கியது. ஞானஸ்நானத்தோடு போயிற்று என்ற ஆறுதலில் தாமும் அழுது, தாயையும் தேற்றினார்.

ஒன்பது வருஷம் கழித்து, இந்தத் தபசு காலத்தில் ஒடுக்கம் என்கிற தியான நாட்களுக்கு வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். பால், இளநீர், பன்னீர் இவற்றால் கொடுத்த ஞானஸ்நானம் செல்லவே செல்லாது என்று அவர் விளக்கினார். அப்படிச் சாகும் பிள்ளை மோட்சத்துக்கு வெளியே நிற்கும். வேதனை இராது, ஆனால் ஆண்டவர் முகத்தை ஊழி ஊழியாகப் பார்க்காது என்றார். அதற்குக் காரணமானவர் என்ன கணக்குச் சொல்லப் போகிறார் என்று மேசையில் குத்திக் கேட்டார். தரையில் உட்கார்ந்திருந்த மதலேனம்மாள் அன்றோடு முடிவு செய்துகொண்டார்: ஒரு குழந்தைக்கு மோட்சத்தை அடைத்தவளுக்கு மோட்சம் கிடையாது.

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பிரசங்கியார் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. “மதலேனம்மா, நரகம் என்று ஒன்று கிடையவே கிடையாது. மனிதனைப் பயமுறுத்தக் கட்டிய கதை” என்று ஆரம்பித்து, படித்ததையெல்லாம் கொட்டினேன்.

பொறுமையாகக் கேட்டார். பிறகு, “நரகம் இல்லேன்னே இருக்கட்டும் ஐயா. மோட்சமும் இல்லேன்னா அந்தப் புள்ள எங்க இருக்கு?” என்றார்.

அன்றிரவு வீட்டில் இருக்கும் புத்தகங்களையெல்லாம் புரட்டினேன்.

மறுநாள் வேறு வழியில் போனேன். சவரிராயர் வீட்டுக்குப் பன்னீர் கொடுத்த கடைக்காரரைப் பெரிய மார்க்கெட்டில் தேடிப் பிடித்து, நயமாகப் பேசி உண்மையைக் கறந்தேன். வெற்றியோடு ஓடினேன். “கேளுங்கள்! அந்த ஆள் விற்கும் பன்னீரில் முக்கால்வாசிக்கு மேல் கிணற்றுத் தண்ணீர். அவரே ஒப்புக்கொண்டார். நீங்கள் ஊற்றியது தண்ணீர்தான்!”

மதலேனம்மாள் முறத்தைக் கீழே வைத்தார். “அப்ப ஒரு கடைக்காரன் ஊர ஏமாத்துனதாலதான் புள்ளைக்கு மோட்சமா? அவன் நாணயமா வித்திருந்தா கெடையாதா? அப்படி ஒரு மோட்சம் இருந்தா நீங்களே வச்சுக்குங்க ஐயா” என்றார். அவர் சொன்னது நியாயம். அங்கிருந்து நேரே தங்கை வீட்டுக்குப் போனேன். நடந்ததைத் தங்கையிடம் சொன்னேன். அவள் எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, “புஷ் வண்டிக்கு ஆள் அனுப்பு அண்ணே” என்றாள்.

சவரிராயர் வீட்டுப் பெண்கள் யாரும் அதுவரை மதலேனம்மாள் தெருவுக்குள் காலடி வைத்ததில்லை. நான் வண்டியோடு கூடவே நடந்தேன். வண்டியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்த பக்கிரி, தெருமுனையிலேயே நிறுத்திவிட்டான். “அம்மா, உள்ள போனா ஐயா என்னைத் தொலைச்சுப்புடுவாரு.”

“நீ தள்ளலேன்னா நான் எறங்கி நடப்பேன். வழியில புள்ள பொறந்தா நீதான் புடிக்கணும்” என்றாள் தங்கை. பக்கிரி வாழ்நாளில் அவ்வளவு வேகமாக வண்டி தள்ளியிருக்க மாட்டான்.

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. மதலேனம்மாள் பதறிப்போய் எழுந்தார். “ஐயய்யோ, இந்த வயித்தோட எங்க கண்ணு வந்தே? உக்காருறதுக்குக்கூட இங்க ஒண்ணும் இல்லியே!”

“தரை இருக்குல்ல?” என்று அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். “ஏன் வரமாட்டேன்னு சொல்லி அனுப்புனே?”

மதலேனம்மாள் அவள் காலருகே சரிந்தார். “உன் மூத்த புள்ளைக்கு நான் ஊத்தினது பன்னீர் கண்ணு. தண்ணி இல்ல. உன் புள்ளைய நான் வெளியில நிக்க வச்சுட்டேன். இந்தக் கையால இனிமே ஒரு புள்ளையத் தொடமாட்டேன்.”

“பன்னீர்னு எனக்குத் தெரியாதா? மூணு நாளு என் தலைமாட்டுல அந்த வாசனைதான். அது சரி, அந்தச் செம்பை எடுன்னு உனக்குச் சொன்னது யாரு?”

மதலேனம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

“யோசிச்சுப் பாரு. நான்தான் சொன்னேன். தண்ணி வரல, புள்ள போவுது, ‘அதை எடு, அதை எடு’ன்னு நான்தான் கைய நீட்டிக் கத்துனேன். மாமனார் பானையத் தொடக்கூடாதுன்னு சொன்னப்ப அவரைப் பாத்து ஒரு வார்த்தை பேசாம கெடந்ததும் நான்தான். அப்ப எனக்கும் மோட்சம் இல்லதானே?”

“வாயக் கழுவு!” என்று சீறினார் மதலேனம்மாள். “நீ பெத்தவ. பாதி உசுரு போய்க் கெடந்தே. உன்மேல ஆண்டவர் கோவப்படுவாரா? பெத்த வயிறு பத்தி எரியுறது அவருக்குத் தெரியாதா? அவரோட அம்மாவும் புள்ளையப் பறிகொடுத்தவதானே? அவரு இரக்கமுள்ளவரு கண்ணு, அப்படியெல்லாம் நெனைக்காதே.”

“எனக்குன்னா இரக்கமுள்ளவரு. உனக்குன்னா?”

மதலேனம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சொல்லேன்? எனக்கு ஒரு ஆண்டவர், உனக்கு ஒரு ஆண்டவரா? கோவில்லதான் தடுப்பு வச்சு ரெண்டாப் பிரிச்சிருக்காங்க. நீ ஆண்டவரையே ரெண்டாப் பிரிச்சுட்டியே! தண்ணி எந்தப் பானைல வந்துச்சு, யாரு கை பட்டுச்சுன்னு பாத்துக்கிட்டு நிக்கிறது எங்க மாமனார், மதலேனம்மா. ஆண்டவர் எங்க மாமனார் இல்ல.”

வாசலில் நின்றிருந்த பெண்களில் ஒருத்தி ‘களுக்’கென்று சிரித்துவிட்டாள். அது பரவியது. மதலேனம்மாளும் அழுகைக்கு நடுவே சிரித்தார். வாரக் கணக்கில் காணாமல் போயிருந்த அந்த இரண்டு பல் இடைவெளியை அன்றைக்குத்தான் மறுபடி பார்த்தேன்.

எனக்கு இல்லாத நம்பிக்கையை இருப்பதாகச் சொல்லி இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அன்று அந்த மண் தரையில் கேட்டதைவிட நேரான நியாயத்தை நான் எங்கும் கேட்டதில்லை. தமக்குக் கதி இல்லை என்று தவிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த வீட்டுக்காரி அதே குற்றத்தைச் சொல்லி அழுதால், “ஆண்டவர் மன்னிப்பாரம்மா” என்று அவர்களே கண்ணைத் துடைத்துவிடுவார்கள். அடுத்தவருக்குக் காட்டுகிற அந்த ஆண்டவரையே தமக்கும் வைத்துக்கொள்ளட்டும். வேறொருவரைத் தேடி அவர்கள் எங்கும் போகவேண்டியதில்லை.

ஆனாலும் மதலேனம்மாள் முழுதாக விடவில்லை. “என் கதி எப்படியோ போவட்டும். அந்தப் புள்ள எங்க இருக்குன்னு எனக்கு ஒருத்தர் சொல்லணும்” என்றார். “வா, சாமியையே கேப்போம்” என்றாள் தங்கை.

பெரிய சனிக்கிழமை. பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு நீண்ட வரிசை. பங்குச் சாமியார் அமலநாதருக்குக் காது மந்தம். அதனால் திரை போட்ட மரக்கூண்டான தொட்டிக்குள் உட்கார்ந்து, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவர் பேசுவது வெளிப்பிராகாரம்வரை கேட்கும். பெரிய பாவம் உள்ளவர்கள் வேறு கோவிலுக்குப் போய்விடுவார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நிறைமாதத் தங்கையைத் தனியே விட மனமில்லாமல் நானும் போய்த் தூணோரம் நின்றேன். முதல் பெஞ்சில் சவரிராயர் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

மதலேனம்மாள் தொட்டியருகே முழங்கால் போட்டார். அவர் முணுமுணுத்தது எதுவும் எங்களுக்குக் கேட்கவில்லை. சற்று நேரத்தில் சாமியாரின் குரல் கிளம்பியது: “இதுல பாவம் எங்க இருக்கு?”

திரை விலகியது. சாமியார் வெளியே வந்துவிட்டார். “பாவம் இருந்தாத்தான் இதுக்குள்ள பேசணும். இது பாவம் இல்ல. உனக்குச் சம்மதம்னா வெளியிலேயே பேசலாம்.”

“ஊரே கேக்கட்டும் சாமி” என்றார் மதலேனம்மாள். நடந்ததை நின்றபடியே மறுபடி சொன்னார். சவரிராயரின் பெயரைச் சொல்லவில்லை. ‘அந்த வீட்டுல’ என்றே சொன்னார். வரிசை முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டது.

“தெரிஞ்சு, மனசு ஒப்பிச் செஞ்சாத்தான் பாவம்னு ஞானோபதேசத்துல படிச்சியா இல்லியா? நீ தெரிஞ்சா செஞ்சே?”

“இல்ல சாமி. ஆனா அந்தப் புள்ள?”

சாமியார் தாடியை நீவினார். “மார்கழியில மாசில்லாக் குழந்தைங்க திருநாள் கொண்டாடுறோமே, அது யாருக்கு?”

“ஏரோது ராசா வெட்டிப்போட்ட புள்ளைங்களுக்கு.”

“அதுங்களுக்கு எந்த மருத்துவச்சி தண்ணி ஊத்துனா?”

பக்கத்தில் நின்ற உபதேசியார் இருமினார். “சாமி, அது வேதசாட்சி மரணம். அவங்க கர்த்தருக்காக...”

“உபதேசியாரே, பால்குடிப் புள்ளைக்கு வேதசாட்சின்னா தெரியுமா? அதுங்க ஒண்ணும் கேக்கல, ஒண்ணும் சொல்லல. ஆண்டவர் தானா குனிஞ்சு வாரி எடுத்துக்கிட்டார்.” மதலேனம்மாள் பக்கம் திரும்பினார். “தண்ணி ஊத்தச் சொல்லி நமக்குக் கட்டளை, நாம ஊத்தணும். நீயும் ஊத்தத்தானே பாத்தே? ஆனா அந்தக் கட்டளை நம்மைத்தான் கட்டும், அவரைக் கட்டாது. நம்ம கை எட்டாத எடத்துல அவர் கையும் எட்டாதுன்னு யாரு சொன்னது? உன் புள்ள எங்க இருக்குன்னு நான் போய்ப் பாத்துட்டு வரல. யாரு கையில இருக்குன்னு எனக்குத் தெரியும். அந்தக் கை உன் கையைவிடப் பதனமான கை. போ, நாளைக்கு வந்து நன்மை வாங்கு.”

மதலேனம்மாள் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றார்.

சாமியார் தொட்டிக்குத் திரும்பப் போனவர், ஏதோ நினைவு வந்து நின்றார். “ஆமா, பானைத் தண்ணிய எடுக்கவிடாதது யாரு? பேரு சொல்ல வேணாம். யாரா இருந்தாலும், சாயங்காலம்வரைக்கும் நான் இங்கதான் உக்காந்திருப்பேன்.”

யாரும் யாரையும் பார்க்கவில்லை. முதல் பெஞ்சில் செபமாலை உருள்வது மட்டும் நின்றது. சவரிராயர் அன்று தொட்டிக்குப் போனாரா என்று எனக்குத் தெரியாது; அதற்குள் நாங்கள் வெளியே வந்துவிட்டோம். தெரியாதது நல்லதுதான். தெரிந்திருந்தால் இங்கே எழுதியிருப்பேன்.

மறுநாள் பாஸ்குத் திருநாள், அதாவது ஈஸ்டர். விடியற்பூசைக்கு மணிகள் எல்லாம் சேர்ந்து அடித்தன. கோவிலுக்குப் போகாதவனான நான் இரண்டாம் நாளும் போனேன்; என்ன நடக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. தங்கை நடுவழியே வந்தாள். தன் வீட்டுப் பெண்கள் உட்காரும் பெஞ்சருகே நிற்கவில்லை. நேரே திரும்பி, தடுப்பைத் தாண்டி, பின்னால் தரையில் மதலேனம்மாளை ஒட்டி உட்கார்ந்தாள்.

“என்ன கண்ணு இது? எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. உங்க பெஞ்சுக்குப் போ” என்று மதலேனம்மாள் கிசுகிசுத்தார்.

“அங்க புழுக்கமா இருக்கு. இங்கதான் காத்து வருது. நகர்ந்து உக்காரு, காலை நீட்டணும்.”

பின்வரிசையில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நன்மை வாங்கும் நேரம் வந்தது. வழக்கப்படி முன்பெஞ்சுக்காரர்கள் போய்த் திரும்பிய பிறகுதான் பின்னால் இருப்பவர்கள் எழ வேண்டும். தங்கை மணியடித்ததுமே மதலேனம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அவ்வளவு பெரிய வயிற்றுக்கு எல்லாரும் வழிவிட்டுத்தானே ஆகவேண்டும்? சவரிராயர் உட்பட விட்டார்கள். இருவரும் பீடத்துக்கு முன்னால் உள்ள கிராதியில் அருகருகே முழங்கால் போட்டார்கள். சாமியார் முதலில் மதலேனம்மாளிடம்தான் வந்தார். ஒரு கணம், மதலேனம்மாள் வாயைத் திறக்கமாட்டாரோ என்று நினைத்தேன். என் நெஞ்சுகூட அடித்துக்கொண்டது; ஏன் என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. பிறகு அவர் முகத்தை நிமிர்த்தி, கண்ணை மூடி, வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்.

பூசை முடிந்து முற்றத்தில் தெரு ஜனங்கள் மதலேனம்மாளைச் சூழ்ந்துகொண்டார்கள். கூப்பிட்டும் வராமல் போனதற்காக ஒருத்தி அவரை வாயார ஏசினாள். “உனக்கென்னடி, புள்ள நல்லாத்தானே பொறந்துச்சு? நான் வந்திருந்தா உன் மூக்கை மட்டும் மாத்தியிருப்பேனா?” என்று அவர் திருப்பிக் கொடுத்தார். பழைய சத்தம் அப்படியே இருந்தது.

“எப்ப வர்றே?” என்றாள் தங்கை.

மதலேனம்மாள் அத்தனை பேர் நடுவில் அவள் வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்து, தலையைச் சாய்த்து, ஒரு நிமிஷம் அமுக்கிப் பார்த்தார்.

“இன்னும் நாலு நாளு ஆவும். போய்ச் சாப்புடு. வலி எடுத்ததும் ஆள் அனுப்பு, ஓடியாறேன்” என்றார்.